மாட்டுக் கொட்டகை ஃபாகர் செட்: வெக்கைக்குச் சரி, புழுக்கத்துக்கு ஆகாது

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் சொட்டுநீர்ச் சாமான் கடை வாசல்களில் ஃபாகர் செட், அதாவது தண்ணீரைப் பனிபோல நுண்துளியாகத் தூவும் செட், தொங்க ஆரம்பித்துவிடும். "மாட்டுக்கு ஏசி" என்று சொல்லித்தான் விற்பார்கள். பத்து மாடு கட்டும் கொட்டகைக்கான செட் என்றால் பெட்டிக்குள் வழக்கமாக இருப்பவை: 16 மி.மீ. கறுப்புக் குழாய் ஒரு சுருள், நான்கு வாய் ஃபாகர் பத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் தடுப்பான், தொங்கவிடச் சிறு குழாய்கள், ஒரு பில்டர், அரை எச்பி மோட்டார், 24 மணி நேர டைமர். ஏணியும் ஒரு துணையாளும் இருந்தால் அரை நாளில் மாட்டிவிடலாம். ஓடவிட்டதும் மார்கழிக் காலைபோலக் கொட்டகைக்குள் பனி இறங்கும். உள்ளே நிற்கிற ஆளுக்குச் சுகமாக இருக்கும்.

சுகம் ஆளுக்கா மாட்டுக்கா என்பதைப் பார்க்க வேண்டும். கரூர், தாராபுரம், ஈரோடு பக்கத்துக் காய்ந்த வெக்கையில் இந்த செட் ஓரளவு வேலை செய்கிறது. கடலூர், நாகப்பட்டினம், செங்கல்பட்டுக் கரையோரப் புழுக்கத்தில் இதே செட் தண்ணீரையும் கரண்டையும் தின்றுவிட்டு, மாட்டை இருந்த இடத்திலேயே இரைக்க விடுகிறது. நாசிலைக் குறை சொல்லிப் பயனில்லை. மாடு தன் உடம்புச் சூட்டை எந்த வழியாக வெளியே தள்ளுகிறது என்பதைப் பார்க்காமல் செய்த பொருள் இது. அடிப்படையில் இது பசுமைக்குடில் சாமான். செடிக்காகச் செய்ததைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கிறார்கள்.

மாடு சூட்டை இறக்கும் வழி

கறவை மாட்டின் இயல்பான உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸ் அளவு. 400 கிலோ எடையுள்ள, நாளைக்கு 15 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு உடம்புக்குள் உண்டாக்கும் சூடு ஏறக்குறைய 800 வாட். ஒரு சிறிய ரூம் ஹீட்டரை விழுங்கிவிட்டு நிற்பதுபோலத்தான். பெருவயிற்றில் தீவனம் புளிக்கும்போது எழும் சூடும், மடியில் பால் ஊறுவதற்கான உழைப்பும் சேர்ந்த கணக்கு இது. பால் கூடக் கூடச் சூடும் கூடும். அதனால்தான் வெயில் காலத்தில் முதலில் அடிபடுவது நன்றாகக் கறக்கும் மாடு. வறட்டு மாடு பக்கத்திலேயே நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருக்கும்.

சுற்றியிருக்கும் காற்று தோலைவிடக் குளிர்ந்திருந்தால் இந்தச் சூடு தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்று 35 டிகிரியைத் தொட்டதும் அந்த வழி அடைபடுகிறது, ஏனென்றால் தோலும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்கிறது. மிச்சமிருப்பது ஆவியாதல் மட்டும். ஒன்று தோலில் வியர்வையாக, இன்னொன்று மூச்சில் ஈரமாக.

மாட்டின் ஒவ்வொரு ரோமக்காலோடும் ஒரு வியர்வைச் சுரப்பி இருக்கிறது. ஆனால் மனிதனைப்போல் மாட்டுக்கு வியர்வை வழிந்தோடாது. நாட்டு மாடுகளுக்குச் சுரப்பிகள் அதிகம், பெரியவை, ரோமம் குட்டை, அலைதாடியும் தொங்கு தோலும் சேர்ந்து பரப்பும் கூடுதல். காங்கேயமும் உம்பளாச்சேரியும் மர நிழல் ஒன்றிலேயே சித்திரையைத் தாண்டிவிடுவதற்கு இவையும் காரணம், குறைந்த பாலால் உள்ளே மூளும் சூடு குறைவு என்பதும் காரணம். எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாட்டுக்கு இந்த இரண்டு அனுகூலமும் இல்லை. ஜெர்சி கலப்பு இடையில் நிற்கும்.

வியர்வை போதாதபோது மாடு மூச்சிரைக்கும். பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் விலை கூடிய வழி அது. வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. வாயைத் திறந்து எச்சில் ஒழுக விட்டால், பெருவயிற்றின் புளிப்பை அடக்க வேண்டிய பைகார்பனேட் தரையில் போகிறது. ஒரு பக்கம் இரத்தம் காரம், மறுபக்கம் வயிறு புளிப்பு. தீவனம் குறைந்து, பாலில் கொழுப்பு இறங்குவது இதன் தொடர்ச்சி. கோடையில் தீவனத்தில் சமையல் சோடாவை நாளைக்கு 100 முதல் 150 கிராம் வரை கலக்கச் சொல்வதும் இதனால்தான்.

ஆக மாட்டுக்கு வேண்டியது நனைந்த தோலும், அந்த ஈரத்தை அடித்துக்கொண்டு போகும் காற்றும். ஃபாகர் தருவதோ குளிர்ந்த காற்று, அதோடு கூடுதல் ஈரப்பதம். இந்த இடைவெளியில்தான் பணம் வீணாகிறது.

கணக்குப் போட்டால்

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் வெப்ப-ஈரக் குறியீடு என்று ஒன்று உண்டு. 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குத் தொல்லை தொடங்குகிறது என்பது பழைய அளவு. அதிகம் கறக்கும் மாட்டுக்கு 68-லேயே தொடங்கிவிடும்.

காய்ந்த ஊரில் மதியம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 85. கரையோரத்தில் அதே நேரம் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். குறியீடு 89. வெப்பமானியில் 5 டிகிரி குறைவாகக் காட்டும் ஊரில்தான் மாட்டுக்குக் கஷ்டம் கூடுதல். வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்று நம் பேச்சிலேயே பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை.

இப்போது இரண்டு ஊரிலும் ஃபாகரைத் திறந்துவிடுவோம். காய்ந்த ஊரில் காற்று 40-லிருந்து 33-க்கு இறங்கினால் ஈரப்பதம் 50-ஐ நெருங்கும். குறியீடு 85-லிருந்து 82. மூன்று புள்ளி லாபம். கரையோரத்தில் 35-லிருந்து 32.5 வரை இறக்கினாலே ஈரப்பதம் 85-ஐத் தொட்டுவிடும். குறியீடு 89-லிருந்து 88. இரண்டரை டிகிரி குறைத்தும் கையில் நிற்பது ஒரே ஒரு புள்ளி. அதுவும் பக்கம் திறந்த கொட்டகையில் காற்று வந்து பனியைக் கலைத்துவிட்டால் கிடைக்காது. மண்பானைத் தண்ணீர் புழுக்கமான நாளில் குளிராது என்பதும் இதே கணக்குதான்.

இதைவிட மோசமான பக்கம் ஒன்று இருக்கிறது. ஃபாகரின் துளி நுண்ணியது. காய்ந்த காற்றில் விழும் வழியிலேயே ஆவியாகிவிடும், சரி. ஈரக் காற்றில் ஆவியாகாமல் மெல்ல இறங்கி, ரோம நுனியில் முத்து முத்தாக உட்காரும். தோலைத் தொடாது. ரோமத்துக்கு நடுவே இருக்கும் காற்றை அப்படியே சிறைபிடித்து, மாட்டின் மேல் ஒரு ஈரப் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். கையை வைத்துப் பார்த்தால் மேலே ஈரம், ரோமத்தை விலக்கினால் தோல் காய்ந்து சூடாக இருக்கும். செட் உங்கள் ஊருக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை.

பெட்டிக்குள் இருக்கும் குறைகள்

முதல் குறை மோட்டார். நான்கு வாய் ஃபாகர் சரியாகப் பனி தூவ 4 பார் அழுத்தம் வேண்டும், அதாவது 40 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பலம். வீட்டு உபயோக அரை எச்பி மோனோபிளாக் பலவும் 25, 30 மீட்டரோடு நின்றுவிடும். அழுத்தம் குறைந்தால் பனியும் இல்லை, மழையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தூறல். காற்றையும் குளிர்விக்காது, தோலையும் நனைக்காது, தரையை மட்டும் நனைக்கும். வாங்கும்போது எச்பி எத்தனை என்று கேட்பதைவிட, மோட்டார் தகட்டில் 'ஹெட்' எத்தனை மீட்டர் என்று பாருங்கள். 45-க்குக் குறைந்தால் அந்த மோட்டார் ஃபாகருக்கு ஆகாது.

இரண்டாவது டைமர். செட்டோடு வரும் முள் வைத்த 24 மணி நேர டைமரில் ஒரு முள்ளுக்குக் கால்மணி நேரம். அதைவிடக் குறைத்து ஓட்டவோ நிறுத்தவோ முடியாது. கொட்டகைக்குத் தேவை ஒரு நிமிடம் ஓடி, பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும் சுழற்சி டைமர். எலக்ட்ரிக்கல் கடையில் 'சைக்ளிக் டைமர்' என்று கேட்டால் கிடைக்கும். இது இல்லாதவர்கள் செட்டை முழுநேரமும் ஓட விடுகிறார்கள். நான்கு வாய் ஃபாகர் ஒன்று மணிக்கு 30 லிட்டர் அளவு குடிக்கும். பத்து ஃபாகர், 7 மணி நேரம் என்றால் 2,100 லிட்டர். சித்திரையில் போர்வெல் இருக்கும் நிலைக்கு இது எந்த நியாயமும் இல்லாத செலவு.

மூன்றாவது அடைப்பு. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சில வாரங்களிலேயே நாசில் வாயில் வெள்ளை படியும். ஒரு வாய் அடைத்ததும் பனி ஒரு பக்கமாகச் சாயும், நாசிலடியில் சொட்டும். ஊசியால் குத்தக் கூடாது. துளை பெரிதானால் துளியும் பெரிதாகும், பிறகு அந்த நாசில் எதற்கும் உதவாது. கழற்றி, வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். பில்டர் 120 மெஷ் அளவாவது இருக்க வேண்டும். பெட்டியில் வருவது பல நேரம் அதைவிடக் கரடு. மூடியில்லாத தொட்டியில் பாசி பிடித்தால் எந்த பில்டரும் தாங்காது, தொட்டியை மூடுவதுதான் வழி.

சொட்டுத் தடுப்பானை மட்டும் மனதாரப் பாராட்டலாம். மோட்டார் நின்றதும் குழாயில் மிஞ்சிய தண்ணீர் தீவனத்தொட்டியில் சொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. விலை குறைக்க இதைக் கழற்றிவிட்டு விற்கும் செட்டுகளும் உண்டு. கவனியுங்கள்.

மதிப்பெண் கேட்டால்: காய்ந்த உள்மாவட்டத்தில், நல்ல மோட்டாரும் சுழற்சி டைமரும் மாற்றிய பிறகு, ஐந்துக்கு மூன்று. கரையோரத்தில் ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் சொட்டுத் தடுப்பானுக்கு.

அதே பணத்தில் வேறு என்ன வாங்கலாம்

நனைக்கும் ஸ்பிரிங்லர், சுழற்சி டைமர், பெரிய மின்விசிறி. பனி தூவிக் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் கடைக்காரர்கள் இந்தக் கூட்டை முன்னால் வைப்பதில்லை. ஆனால் மாட்டின் உடம்பு கேட்பது இதைத்தான். இஸ்ரேலின் பால்பண்ணைகளில் இதே முறைதான்: 30 விநாடி நனைத்து, நாலரை நிமிடம் காற்றடித்து, அதையே அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை திரும்பத் திரும்பச் செய்வார்கள், ஒரு நாளைக்குப் பலமுறை.

நம் கொட்டகைக்கு ஏற்ற அளவு இது. ஒரு லிட்டர் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன 800 வாட் மாட்டின் ஒரு மணி நேரச் சூடு முழுவதையும் எடுக்க ஏறக்குறைய 1.2 லிட்டர் ஆவியானால் போதும். இரண்டு மாட்டுக்கு ஒன்று வீதம், மணிக்கு 120 லிட்டர் விடும் அரைவட்ட மைக்ரோ ஸ்பிரிங்லர் ஐந்தோ ஆறோ போடுங்கள். இதற்கு ஒன்றரை முதல் 2 பார் அழுத்தம் போதும், செட்டில் வரும் அரை எச்பி மோட்டாரே தாராளம். ஒன்றரை நிமிடம் ஓடினால் ஆறு நாசிலுக்கு 18 லிட்டர், மாட்டுக்கு 1.8 லிட்டர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படி நனைத்தால், விழுந்ததில் கால்வாசி ஆவியானாலே மணிக்கு 1.8 லிட்டர் ஆகிவிடும். காலை 10 முதல் மாலை 5 வரை மொத்தச் செலவு 500 லிட்டரைச் சுற்றி. விடாமல் ஓடும் ஃபாகரில் நாலில் ஒரு பங்கு.

கரையோரத்தில் தோலிலிருந்து ஆவியாகும் வேகம் காய்ந்த ஊரில் உள்ளதில் பாதிக்கும் கீழே போய்விடும். அங்கே தண்ணீரைக் கூட்டுவது வீண். காற்றைக் கூட்ட வேண்டும். எனவே பட்ஜெட்டில் பெரும்பகுதி விசிறிக்குப் போகட்டும். மாட்டின் முதுகு மட்டத்தில் காற்று விநாடிக்கு 2 மீட்டராவது ஓட வேண்டும். மேலே தொங்கும் சீலிங் ஃபேன் இதற்குப் பற்றாது, நேர்கீழே மட்டும்தான் கொஞ்சம் காற்று தெரியும். 36 அங்குல விசிறி ஒன்று தன் விட்டத்தைப்போலப் பத்து மடங்கு தூரம், அதாவது 9 மீட்டர் வரை தள்ளும் என்பது நடைமுறைக் கணக்கு. பத்து மாடு ஒரே வரிசையில் நின்றால் வரிசையின் நீளம் 12 மீட்டர், ஆக இரண்டு விசிறி. எட்டடி உயரத்தில், 15 முதல் 20 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, இரண்டும் ஒரே திசையில் தள்ளும்படி மாட்ட வேண்டும். ஊர்க்காற்று வரும் பக்கத்திலிருந்து தள்ளினால் இன்னும் நல்லது. எதிரெதிரே வைத்தால் நடுவில் நிற்கும் நாலு மாட்டுக்குக் காற்றே இருக்காது. பலரும் செய்யும் பிழை இதுதான்.

ஐஸ் கட்டி, குளிர்ந்த தண்ணீர் என்று யோசிக்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை 25-லிருந்து 35 டிகிரிக்குச் சூடாக்கப் போகும் சூடு வெறும் 10 கிலோ கலோரி, ஆவியாக்கவோ 580. தொட்டியில் வெயில்பட்டு வெதுவெதுப்பான தண்ணீரே நனைக்கப் போதும். குளிர்ச்சி வேண்டியது குடிக்கிற தண்ணீரில்தான். தொட்டியை நிழலில் வையுங்கள், கோடையில் கறவை மாடு நாளைக்கு 80 லிட்டருக்கு மேலும் குடிக்கும்.

மாட்டும்போது கவனிக்க

தண்ணீர் விழ வேண்டிய இடம் திமிலுக்குப் பின்னால் தொடங்கி இடுப்பு வரை. முன்னால் விழுந்தால் தீவனம் நனைந்து மதியத்துக்குள் புளிக்கும். அரைவட்ட நாசிலைக் கேட்பது இதற்காகத்தான், முழுவட்டம் தீவனத்தொட்டியையும் சேர்த்து நனைக்கும். உயரம் ஏழு முதல் எட்டடி.

ஓட்டம் எவ்வளவு நேரம் என்பதைக் கடிகாரத்தைவிட மாட்டைப் பார்த்து வைப்பது சரி. முதுகும் விலாவும் தோல்வரை நனைந்து, வயிற்றடியில் தண்ணீர் வழியத் தொடங்கும் முன் நிற்க வேண்டும். வழிந்து மடிக்கு இறங்கினால் முதுகுச் சாணியையும் சேர்த்துக் காம்பில் கொண்டுவந்து விடும், மடிவீக்கத்துக்கு வாசல் திறந்தாயிற்று. கறவைக்கு அரை மணி முன்பே தண்ணீரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விடுங்கள், மடி காய்ந்திருக்கும். தரை சாய்வில்லாத கொட்டகையில் இந்த செட்டைப் போடவே கூடாது, முதலில் சாய்வு. இல்லாவிட்டால் குளம்பு அழுகலுக்கு மருந்து வாங்கும் செலவு செட்டின் விலையைத் தாண்டும்.

விசிறி இல்லாமல் ஸ்பிரிங்லர் மட்டும் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பொள்ளாச்சி, உடுமலைபோல் கணவாய்க் காற்று வீசும் இடத்தில், பக்கச்சுவர் இல்லாத கொட்டகையில், போடலாம். மற்ற இடங்களில் ஈரம் மாட்டின் மேலேயே நின்றுவிடும்.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நனைந்த தரையில் நாலு காலில் நிற்கும் மாட்டுக்கு, நமக்கு உறைக்காத கசிவுகூட உறைக்கும். திடீரென்று மாடு தண்ணீர்த்தொட்டியில் வாய்வைக்க மறுத்தால் கசிவைச் சந்தேகப்படுங்கள். 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் துண்டிப்பானும், நல்ல எர்த்தும் கட்டாயம். விசிறி ஐபி 55 தரமுள்ள (தூசியும் தண்ணீர்ப் பீச்சலும் தாங்கும்), மூடிய மோட்டார் வைத்ததாக இருக்கட்டும். கல்யாண மண்டபத்துப் பெடஸ்டல் விசிறி ஈரக் கொட்டகைக்கு உரியதல்ல.

இரவு மறக்கப்படுகிறது. பகலில் சேர்ந்த சூட்டை மாடு இரவில்தான் இறக்குகிறது. கரையோரத்தில் இரவும் இறங்காமல் 29 டிகிரியில் நின்றால் விசிறியை நிறுத்தக் கூடாது. 200 வாட் விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 2 யூனிட்தான்.

தகரக் கூரையின் கீழ் இவை எல்லாம் அரைப் பலன். கூரையின் மேல்புறம் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்து, முடிந்தால் மேலே ஓலை பரப்பிய பிறகு செட்டைப் பற்றி யோசிப்பதே சரியான வரிசை.

மற்ற உயிர்களுக்கு இதே செட் ஆகுமா

கடையில் "ஆடு, கோழி, பன்றி, நாய் எல்லாத்துக்கும் ஆகும்" என்பார்கள். ஆகாது. வேர்க்கும் விதம் ஒன்றுக்கொன்று வேறு.

எருமைக்கு ரோமம் குறைவு, அதனால் வியர்வைச் சுரப்பியும் மாட்டைவிட வெகு குறைவு. கறுப்புத் தோல் வெயிலை இழுக்கும். குட்டையில் போய்ப் படுப்பது வியர்வைக்குப் பதிலாக அது கண்டுகொண்ட வழி. ரோமம் தடுக்காததால் தண்ணீர் நேரே தோலைத் தொடும், எனவே ஸ்பிரிங்லர் எருமைக்கு மாட்டைவிடவும் நன்றாகப் பலிக்கும். 15 நிமிடச் சுழற்சியைப் பத்து நிமிடமாக்கலாம். ஃபாகர் எருமைக்கு வேடிக்கைப் பொருள்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. இறகுக்குள் பொதிந்த உடம்பு, இயல்பு வெப்பமே 41 டிகிரிக்கு மேல். இறக்கையைத் தளர விட்டு, வாயைத் திறந்து, தொண்டையைப் படபடவென்று ஆட்டி மூச்சில்தான் சூட்டை இறக்கும். நனைத்துப் பயனில்லை, காற்றைத்தான் குளிர்விக்க முடியும். ஆகவே ஃபாகரின் உண்மையான வாடிக்கையாளர் கோழிப்பண்ணை. நாமக்கல், பல்லடத்து உலர் மதியத்துக்கு இது கோழிக்கு நாலு மதிப்பெண் பெறும். ஆனால் ஈரப்பதமானி ஒன்றைக் கோழியின் தலை மட்டத்தில் தொங்கவிட்டு, 75 சதவீதத்தைத் தொட்டதும் நிறுத்தியாக வேண்டும். மூச்சு ஒன்றே வழியாக இருக்கும் பறவைக்கு ஈரக் காற்று அந்த ஒரு வழியையும் அடைக்கும். மழைக்கு முந்தைய இறுக்கமான மாலையில் ஃபாகரை ஓட விட்டால், உதவ நினைத்த கையே கோழியைக் கொல்லும். கறிக்கோழிக் கொட்டகையில் தரைக் கூளம் நனைந்தால் அமோனியா கிளம்பும், தண்ணீர் அழுத்தத்தில் அங்கே சமரசமே கூடாது. முட்டைக்கோழிக்கு இன்னொரு இழப்பும் உண்டு. மூச்சிரைப்பில் கார்பன் டை ஆக்சைடு போகப் போக ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்து முட்டை ஓடு மெலியும். கோடையில் உடைசல் கூடுவதைக் கண்டு தீவனக் கால்சியத்தை மட்டும் கூட்டுபவர்கள் கொட்டகை வெப்பத்தையும் பார்க்க வேண்டும்.

பன்றிக்கு வேர்ப்பது பேருக்குத்தான். சேறு கிடைத்தால் சேறு, இல்லாவிட்டால் சொட்டு. குட்டி போட்ட தாய்ப்பன்றியின் கழுத்து மேல் மணிக்கு 2, 3 லிட்டர் விழும் சொட்டு நாசில் ஒன்று போதும். தெளிப்பான் போட்டால் குட்டிகள் நனைந்து விறைக்கும்.

ஆட்டுக்கு எதுவும் வாங்காதீர்கள். நனைவது அதற்குப் பிடிக்காது, சளி பிடித்தால் கஷ்டம். பரண் கொட்டகையில் அடியில் காற்று ஓடினால் போதும்.

நாய்க்கு விற்கும் ஜெல் மெத்தையைப் பற்றியும் ஒரு வரி. நாய்க்குக் குறிப்பிடும்படி வேர்ப்பது பாதத்து மெத்தையில் மட்டும், மிச்சமெல்லாம் நாக்கும் மூச்சும். மெத்தை உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு நாயின் சூட்டுக்கே வந்ததும் வேலையை நிறுத்திவிடும், எழுந்து போன பிறகுதான் மறுபடி குளிரும். டைல்ஸ் தரை இதையே இலவசமாகச் செய்கிறது. மூக்கு சப்பிய பக், புல்டாக் வகைகளுக்கு மூச்சு வழியே குறுகல் என்பதால் வெயில் நேரத்தில் வெளியே கூட்டிப்போகாமல் இருப்பதுதான் கருவி. ஈரத்துண்டைப் போர்த்துவதும் ஃபாகர் செய்யும் அதே தப்பு. வயிற்றையும் தொடை இடுக்கையும் நனைத்து விசிறி முன் விடுங்கள்.

வாங்கிய பின் சோதனை

கடைக்காரர் பேச்சையும் இந்த விமர்சனத்தையும் விட்டுவிட்டு மாட்டின் விலாவைப் பாருங்கள். பிற்பகல் 2 மணிக்கு விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 60-க்குள் இருந்தால் கவலையில்லை. 80-ஐத் தாண்டினால் சூடு ஏறிவிட்டது. வாய் திறந்து நாக்கு தொங்கினால் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டிய கட்டம். செட்டை அரை மணி ஓட்டிவிட்டு மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் முதலில் ரோமத்தை விலக்கித் தோல் நனைந்திருக்கிறதா பாருங்கள். நனையவில்லை என்றால் நாசிலோ அழுத்தமோ தப்பு. நனைந்தும் இறங்கவில்லை என்றால் காற்று போதவில்லை, இரண்டாவது விசிறிக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நாசில்களைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் காயவைத்து எடுத்து வைக்கவும். குழாயின் கடைசி மூடியைத் திறந்து மோட்டாரை இரண்டு நிமிடம் ஓட்டினால் உள்ளே தங்கிய வண்டல் வெளியேறும். மூடியைத் திறந்தபடியே விட்டால் எலியும் குளவியும் குடியேறும், ஒரு துணியால் கட்டி வையுங்கள்.